மாத இதழா, குண்டு புக்கா, திரையா?

1992 இறுதியில் அமெரிக்க காமிக்ஸில் சூப்பர்மேன் மடிந்த கதைக்குள் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. உச்சகட்டச் சண்டை நான்கு இதழ்களில் நடக்கிறது. முதலாவதில் பக்கத்துக்கு நான்கு கட்டம் (ஒவ்வொன்றும் ஒரு படம்), அடுத்ததில் மூன்று, பிறகு இரண்டு. கடைசியாக ‘சூப்பர்மேன்’ 75ஆம் இதழில் பக்கத்துக்கு ஒன்றே ஒன்று. கட்டம் குறையக் குறைய அடி பெரிதாகிறது. எந்த வடிவில் படிக்கிறோம் என்பதைப் பொறுத்து இந்தக் கணக்கு கண்ணில் படும், அல்லது படாமலே போகும்.

தனித்தனி இதழாகப் படித்தால் இடையில் நாட்கள் கழிந்துவிடும். எண்ணிக்கை மனதில் நிற்பது கடினம். ஆனால் அடுத்து என்ன என்ற பதைப்பு இதில்தான் உண்டு. வழக்கமான 32 பக்கத்தில் விளம்பரம் போக, கதைக்கு 20 முதல் 22 பக்கம். தாளைத் திருப்பியதும் இடப்பக்கத்தில் அதிர்ச்சி காத்திருக்கும்படி கதாசிரியர்கள் திட்டமிடுவார்கள். ஸ்டேப்ளர் பின் அடித்த நடுத்தாள் தட்டையாக விரிவதால், அங்கே வரும் இரட்டைப் பக்க ஓவியம் சிதையாது. தொல்லை ஒன்றுதான்: பெருநிகழ்வுக் கதைகள் தொடர் விட்டுத் தொடர் தாவும். நடுவில் ஓர் இதழ் விட்டுப்போனால் வில்லன் எப்படித் தப்பினான் என்றே தெரியாது.

பல இதழ்களை ஒரே புத்தகமாகச் சேர்த்த தொகுப்பில் அந்தத் தொல்லை இல்லை. நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என்று ஒரே மூச்சில் கணக்கு புரிகிறது. ஐந்தாறு இதழ் அடங்கிய மெல்லிய தொகுப்பே புதியவருக்கு ஏற்றது. 2000க்குப் பிந்தைய கதைகள் பலவும் அந்த அளவுக்கே வெட்டித் தைக்கப்பட்டவை. அவற்றைத் தனி இதழாக வாங்கினால் அரை வயிறுதான் நிறையும். 1960களின் கதைகளோ நேர்மாறு. ஒரு மாதம் கழித்து வரும் வாசகருக்காக எழுதியதால், ஒவ்வோர் இதழிலும் முன்கதை திரும்ப வரும். ஆயிரம் பக்க குண்டு புக்கில் பத்து இதழைத் தொடர்ந்து படித்தால் சலிப்புத் தட்டும். நாளுக்கு இரண்டு போதும். மேசையும் வேண்டும், மடி தாங்காது. பசை பைண்டிங்காக இருந்தால் இரட்டைப் பக்கத்தின் நடுவில் இருக்கும் முகம் மடிப்புக்குள் போய்விடும். தையல் பைண்டிங்கா என்று பார்த்து வாங்குங்கள்.

வண்ணத்தையும் கவனியுங்கள். சொரசொரப்பான தாள் மையை உறிஞ்சும் என்று எண்ணிப் போட்ட பழைய நிறங்கள், வழவழப்புத் தாளில் கண்ணைக் கூசும். சில மறுபதிப்புகளில் நிறமே மாறியிருக்கும்: 1988இல் வந்த ‘த கில்லிங் ஜோக்’ என்ற பேட்மேன் கதைக்கு 2008 பதிப்பில் ஓவியர் பிரையன் போலண்டே புதிதாக வண்ணம் தீட்டினார். இரண்டும் வெவ்வேறு கதை மாதிரி இருக்கும்.

திரையில் பழைய இதழ்களைத் தேடிப் படிப்பது எளிது. ஆனால் கட்டம் கட்டமாகப் பெரிதாக்கிக் காட்டும் வசதியை அணைத்துவிடுங்கள். கால் பக்கக் கட்டமும் முழுப்பக்கக் கட்டமும் ஏறக்குறைய ஒரே அளவில் வந்து, சூப்பர்மேன் கணக்கு அடியோடு செத்துப்போகும். செல்பேசியில் முழுப்பக்கம் வைத்தால் வசனம் எறும்பு அளவு. 10 அங்குல டேப்லெட்டை நெடுக்காகப் பிடித்து, இரட்டைப் பக்கத்துக்கு மட்டும் படுக்கவைத்தால் சமாளிக்கலாம்.

எந்த வடிவானாலும் பொருளடக்கப் பக்கத்தைப் படிக்காமல் தாண்டிவிடுங்கள்; தலைப்பே கதையைப் போட்டுடைத்துவிடும். 1973இல் ‘அமேசிங் ஸ்பைடர்மேன்’ 121ஆம் இதழின் தலைப்பு, யார் சாகிறார் என்பதைச் சொல்லிவிடும் என்பதால் கடைசிப் பக்கத்தில்தான் அச்சானது. பின்னாளில் வந்த தொகுப்பு அந்த மரணத்தை அட்டையிலேயே போட்டுவிட்டது.