டிக்‌ஷனரி டாட் காம்: வெறுப்புச் சொற்களுக்கு நம்பிப் பார்க்கலாமா?

ஆங்கிலச் செய்தியைத் தமிழாக்குவதுதான் பிழைப்பு என்பதால் இந்த ஆங்கில அகராதித் தளம் என் கணினியில் எப்போதும் திறந்தே கிடக்கும். ஜெனோஃபோபியா, எத்னோசென்ட்ரிஸம், ரேசிஸம் எது வந்தாலும் 'இனவெறி' என்று ஒரே மூட்டையில் கட்டிவிடும் பழக்கம் எங்கள் தொழிலில் உண்டு. அதைப் பிரித்துப் பார்க்க இது நன்றாகவே உதவுகிறது.

ஜெனோஃபோபியா பக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டவர், அந்நியர் மீதான அச்சம் அல்லது வெறுப்பு என்பதோடு நிற்காமல், பண்பாட்டால் வேறுபட்டவர்களின் பழக்கவழக்கம், உடை ஆகியவற்றைப் பிடிக்காமல் போவதும் இதில்தான் சேரும் என்கிறது. அந்த 'உடை'க்காகவே தனியாக மார்க் போடலாம். "ஆள்மேல் எனக்குக் கோபமில்லை, அவர் போடுகிற துணிதான் பிடிக்கவில்லை" என்று நழுவுகிறவர்களையும் இந்த விளக்கம் பிடித்துவிடுகிறது, பாருங்கள். எத்னோசென்ட்ரிஸம் வேறு சங்கதி, அங்கே பயமே தேவையில்லை, தன் பண்பாடுதான் உசத்தி என்ற நினைப்பு போதும். உச்சரிப்புப் பொத்தானும் உண்டு, ஜெனோஃபோபியா ஆங்கிலத்தில் 'எக்ஸ்' எழுத்தில் தொடங்குவதைப் பார்த்துத் தடுமாறுகிறவர்கள் ஒருமுறை அழுத்திக் கேளுங்கள்.

2016-ன் ஆண்டுச் சொல்லாக இவர்கள் தேர்ந்தெடுத்ததும் ஜெனோஃபோபியாவைத்தான். பிரெக்ஸிட், அதாவது ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு பிரிட்டன் விலகலாமா என்ற வாக்கெடுப்பு ஜூன் 23, மறுநாளே இந்தச் சொல்லைத் தேடியவர்கள் 938 சதவீதம் கூடிவிட்டார்கள். ஒரு வாரத்துக்குள் அப்போதைய அமெரிக்க அதிபர் ஒபாமா, தேர்தல் களத்தில் இருந்த டிரம்பின் பெயரைச் சொல்லாமலே, இது பாப்புலிஸம் (சாமானியர் பக்கம் நிற்கும் அரசியல்) அல்ல, நேட்டிவிஸம் (மண்ணின் மைந்தருக்கே முதலிடம் என்பது) அல்லது ஜெனோஃபோபியா என்று பேச, மறுபடியும் கூட்டம். ஓட்டுப் போட்ட பிறகு பொருள் தேடியிருக்கிறார்களே என்று எனக்குத் தோன்றியது, சரி, அது தளத்தின் குற்றமில்லை.

குறை என்றால், 'ஃபோபியா' (அச்சம்) என்ற ஒட்டு கிளப்பும் சண்டையை அந்தப் பக்கம் பேசுவதில்லை. சிலந்திக்குப் பயந்தவர் தான் ஓடுவார், அந்நியரை வெறுப்பவர்கள் மற்றவர்களை ஓடவைப்பார்கள், இரண்டுக்கும் ஒரே ஒட்டா? அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் 2012-ல், அரசியல், சமூக விஷயங்களில் இந்த ஒட்டைத் தவிர்க்கச் சொன்னதே இதனால்தான், அது ஒரு மனநோயின் பெயர்போல ஒலிக்கிறது என்று. நான் தமிழில் 'அந்நியர் வெறுப்பு' என்றே போடுகிறேன். செய்தியில் உண்மையிலேயே பயம் இருந்தால் மட்டும் 'அச்சம்'.

இலவசம், அதனால் விளம்பரங்களைப் பொறுத்துக்கொள்ளலாம். உதாரண வாக்கியங்கள் செய்தித் தளங்களிலிருந்து எடுத்துப் போடுபவை, அவற்றை வைத்துப் பொருளை முடிவு செய்யாதீர்கள். ஐந்துக்கு நான்கு.