ஆடித் தள்ளுபடி விரிப்பா, சென்னிமலைப் பருத்தியா?

அம்மாவின் பீரோவில் இரண்டு அடுக்குகள். மேலே, ஆடித் தள்ளுபடியில் 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்று வந்த பாலியெஸ்டர் கலப்பு விரிப்புகள். கீழே, தீபாவளிக்குக் கோ-ஆப்டெக்ஸில் 30 சதவீதத் தள்ளுபடியில் வாங்கிய சென்னிமலைப் பருத்தி.

பாலியெஸ்டர் மழைக்காலத்திலும் சீக்கிரம் காயும், சுருங்காது. ஆனால் சித்திரைப் புழுக்கத்தில் படுத்தால் முதுகு நனைந்துவிடும்.

படுக்க எனக்குப் பருத்திதான். துவைக்கத் துவைக்க மென்மையாகிறது. சேர்த்து வைப்பதுதான் அதற்கு ஆகாது. கஞ்சி மொடமொடப்போடு பிரிக்காமல் கிடந்தால் இராமபாணப் பூச்சிக்கு விருந்து. போன மாதம் ஒன்றைப் பிரித்தேன்: மடிப்புக் கோடு நெடுகப் பழுப்பு, நடுவே மூன்று ஓட்டைகள்.

"விருந்தாளி வந்தால் விரிக்கலாம் என்று வைத்திருந்தேன்" என்ற அம்மா, அதை மறுபடியும் மடித்து, இரண்டு அந்துருண்டைகளோடு உள்ளே வைத்துவிட்டார்.