மரப்புறாவுக்கு 28 கிராம், ஆறாம் நம்பர்: பல பருவங்கள் சுட்ட பிறகு

பிரிட்டனில் பயிர் காக்க மரப்புறா சுடுகிறவர்கள் கடைக்குப் போனால் குழம்புவதற்கு எல்லா வசதியும் இருக்கிறது. கேம்போர், ஹல் கார்ட்ரிட்ஜ், ஈலி, லயல்வேல் எக்ஸ்பிரஸ் என்று ஒவ்வொரு தயாரிப்பாளரும் புறாவுக்கென்றே தனித் தோட்டா போடுகிறார்கள். பெட்டியில் புறாப் படம், பக்கத்தில் பெரிய எழுத்தில் வேகம். நீண்ட நாள் பயன்பாட்டில் நிலைத்து நின்ற தேர்வு மட்டும் ஒன்றுதான்: 12 போரில் 28 கிராம், ஆறாம் நம்பர் ஈய ரவை, ஃபைபர் தக்கை, கால் சோக். (போர் என்பது குழலின் அளவு. கிராம் என்பது தோட்டாவிலுள்ள ரவையின், அதாவது சிறு உருண்டைகளின், மொத்த எடை; நம்பர் கூடக் கூட ரவை சிறிதாகும். தக்கை, வெடிமருந்துக்கும் ரவைக்கும் இடையிலான அடைப்பு. சோக், குழல் முனையின் இறுக்கம்; கால், அரை என்று கூடக் கூட ரவை நெருக்கமாக விழும்.) 30 கிராம் எடுத்தாலும் தவறில்லை. அதற்கு மேல் கனமாகப் போவதற்குப் புறா ஒரு காரணமே அல்ல.

இனி இந்தத் தேர்வையே மாற்ற வைக்கப்போவது எஃகு ரவை. அதைப் பின்னால் விரிவாகப் பார்ப்போம். முதலில், 28 கிராம் ஏன் போதும் என்பதற்கான கணக்கு.

பிரிட்டிஷ் அளவில் ஆறாம் நம்பர் ரவை 2.6 மி.மீ. விட்டம், ஓர் அவுன்ஸுக்கு 270 ரவை. ஏழாம் நம்பர் 2.4 மி.மீ., 340 ரவை. ஐந்தாம் நம்பர் 2.8 மி.மீ., 220 ரவை. 28 கிராம் ஆறாம் நம்பர் என்றால் தோட்டாவுக்குள் ஏறக்குறைய 267 ரவை இருக்கும். கால் சோக் 40 கெஜத்தில் அதில் 55 சதவீதத்தை 30 அங்குல வட்டத்துக்குள் வைக்கும், அதாவது 147. புறா அளவுப் பறவைக்கு அந்த வட்டத்தில் 120 முதல் 130 ரவை விழுந்தால் ஓட்டை இல்லாத பரவல் என்று கொள்ளலாம். 45 கெஜத்தில் இதே சோக் 46 சதவீதம்தான் தரும், 123 ரவை. எல்லை அங்கே வந்துவிட்டது.

இப்போது ஐந்தாம் நம்பரைப் போட்டுப் பாருங்கள். 28 கிராமில் 217 ரவை, 40 கெஜத்தில் 119. ஒவ்வொரு ரவையும் பலமாக அடிக்கும், ஆனால் பறவை இடையில் நழுவ வழி இருக்கிறது. ஈய ஐந்தாம் நம்பரைப் புறாவுக்கு எடுப்பவர்கள் பெரும்பாலும் உயரப் பறக்கும் ஃபெசன்ட் பறவை வேட்டைக்கு வாங்கியதில் மிச்சத்தைத் தீர்ப்பவர்கள். எதிர்ப்பக்கம், டிகாய் (புறாவை ஈர்க்கும் போலிப் பறவை) வைத்து 20 முதல் 30 கெஜத்துக்குள் இறங்கும் புறாக்களுக்கு 28 கிராம் ஏழரை நம்பர் களிமண் தட்டுத் தோட்டாவே தாராளமாகப் போதும். 35 கெஜத்தைத் தாண்டும்போதுதான் அந்தச் சிறு ரவையின் உந்துதல் குறைந்து, தீவனப்பை நிறைந்து எதிரே வரும் பறவையில் உள்ளே இறங்காமல் நின்றுவிடுகிறது. அப்படி அடிபட்ட புறாவைச் சுத்தம் செய்யும்போது பார்க்கலாம்: ரவை தானியத்துக்குள் இறகையும் இழுத்துக்கொண்டு போய், மார்புச் சதையை எட்டாமல் தங்கியிருக்கும்.

இறகு விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. மரப்புறாவின் இறகு மிகத் தளர்வானது. ஓரமாக இரண்டு ரவை உரசினாலே வெள்ளைக் கொத்தாகப் பறக்கும். அதைப் பார்த்து 'தோட்டாவுக்குப் பலம் போதவில்லை' என்று அடுத்த முறை 34 கிராம் வாங்குவது வழக்கமாக நடக்கும் தப்பு. பலம் குறைவதில்லை. பரவலின் ஓரம் பட்டிருக்கிறது, அவ்வளவுதான். அதாவது குறி பின்தங்கியிருக்கிறது.

வேகமும் உதைப்பும்

பெட்டியில் விநாடிக்கு 1,450 அடி, 1,500 அடி என்று அச்சிட்டிருப்பது விற்பனைக்கு உதவுகிறது. வயலில் அதன் பயன் மிகச் சிறிது. உருண்டை ரவை காற்றில் வேகமாகத் தளரும். குழல் முனையில் 100 அடி கூடுதலாகக் கிளம்பியது 40 கெஜத்துக்குப் போகும்போது அதில் பாதியைக்கூடத் தக்கவைக்காது. கணக்காகச் சொன்னால், மணிக்கு 40 மைல் வேகத்தில் குறுக்கே பறக்கும் புறாவுக்கு 35 கெஜத்தில் ஆறடி அளவுக்கு முந்திச் சுட வேண்டும். குழல் முனையில் 50 அடி வேகம் கூடினால் அந்த ஆறடியில் குறைவது இரண்டு அங்குலம். இரண்டு அங்குலத்தைக் கண்ணால் பிரித்துப் பார்த்துச் சுடக்கூடியவர் யாரும் இல்லை.

உதைப்பு அப்படியல்ல, அது ஒவ்வொரு சுடலிலும் கூடிக்கொண்டே போகும். துப்பாக்கியின் எடை ரவை எடையைப் போல 96 மடங்கு இருக்க வேண்டும் என்பது பழைய துப்பாக்கி செய்பவர்களின் விதி. 28 கிராமுக்கு அது ஏறக்குறைய 2.7 கிலோ, 32 கிராமுக்கு 3.07 கிலோ. ஒரே வேகத்தில் 28 கிராமிலிருந்து 32 கிராமுக்குப் போனால் உதைப்பின் ஆற்றல் கால் பங்குக்கு மேல் கூடுகிறது. நல்ல நாளில் மறைப்புக்குள் உட்கார்ந்து நூறு, நூற்றைம்பது தோட்டா போகும். ஸ்டூலில் உட்கார்ந்து சுடும்போது நின்று சுடுவதைப் போல உடல் பின்னால் வளைந்து கொடுக்காது. தோள் முழுவதையும் வாங்கிக்கொள்ளும். அரை நாள் போனதும் கண்ணிமை முன்கூட்டியே மூட ஆரம்பிக்கும், விசையை இழுக்கும் நொடியில் குழல் நின்றுபோகும். அங்கே தவறும் புறாக்கள், கூடுதல் நான்கு கிராம் ரவை பிடித்துத் தந்த புறாக்களைவிடப் பல மடங்கு அதிகம். புறாத் தோட்டாவுக்கு முதல் தகுதி நாள் முழுக்கச் சுட முடிவதுதான்.

கனமான தோட்டாவுக்கு ஓர் இடம் உண்டு. பிப்ரவரி மாலையில் புறாக்கள் காட்டுக்குள் அடைய வரும் நேரம், பலமான காற்றில், மர உச்சிக்கு மேல். தூரம் கூடுகிறது, சுடும் எண்ணிக்கையோ குறைவு. அங்கே 30 அல்லது 32 கிராம் ஆறாம் நம்பர், அரை சோக். அதற்காக ஆண்டுக்கு 250 தோட்டா வாங்கினால் போதும்.

தக்கை

ஃபைபரா பிளாஸ்டிக்கா என்பதை நீங்கள் முடிவு செய்வதைவிட நிலக்காரர் முடிவு செய்வதே அதிகம். கால்நடை மேயும் நிலத்தில் பிளாஸ்டிக் கோப்பை கிடப்பதை யாரும் விரும்புவதில்லை, பல பண்ணைகள் ஃபைபர் மட்டும் என்று சொல்லித்தான் அனுமதி தருகின்றன. செயல்பாட்டில், பிளாஸ்டிக் கோப்பை ரவையைக் குழல் சுவரிலிருந்து காப்பதால் பரவல் கொஞ்சம் இறுகும். ஃபைபரில் ஓர ரவைகள் உரசித் தட்டையாகி வெளியே சிதறும். டிகாய் தூரத்துக்கு அந்தத் திறந்த பரவல் நன்மையே. தூரம் வேண்டுமென்றால் சோக்கை ஒரு படி இறுக்கிக்கொண்டால் சரியாகிவிடும்.

ஃபைபரின் உண்மையான எதிரி ஈரம். மழை நாளில் பைக்குள் ஊறிய தோட்டாவை வீட்டில் அப்படியே அடுத்த பருவத்துக்கு விட்டால், தக்கை உப்பி, முனை மடிப்பு தூக்கிக்கொள்ளும். சுடும்போது 'பொத்' என்று சத்தம் குறையும். இந்தச் சத்தம் கேட்டால் அடுத்த தோட்டாவைப் போடக் கூடாது. துப்பாக்கியைத் திறந்து, தோட்டாவை எடுத்துவிட்டு, குழல் வழியே வானம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். உள்ளே தங்கிய தக்கையின் மேல் அடுத்த தோட்டா வெடித்தால் குழல் பிளக்கும். இதேபோல் 20 போர் தோட்டா ஒன்று 12 போர் பையில் கலந்துவிட்டால், அது சேம்பரை (குழலில் தோட்டா உட்காரும் அறையை) தாண்டி வழுக்கி உள்ளே மாட்டிக்கொள்ளும். 'காலியாக இருக்கிறது' என்று நினைத்து 12 போரைப் பின்னால் போடுவார்கள். ஆகவே இரண்டு போரும் இருக்கும் வீட்டில் பைகளும் இரண்டாகவே இருக்க வேண்டும்.

சேம்பர் நீளமும் அப்படியே. தோட்டாவில் எழுதியிருக்கும் 65, 67, 70 மி.மீ. என்பது வெடித்து விரிந்த பிறகான நீளம். 70 மி.மீ. தோட்டா வெடிப்பதற்கு முன் 65 மி.மீ. சேம்பருக்குள் சத்தமில்லாமல் உட்கார்ந்துவிடும். வெடிக்கும்போது வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும். பழைய பக்கக்குழல் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் குழலில் உள்ள சோதனை முத்திரையை, அதாவது எந்த அழுத்தத்துக்குச் சோதிக்கப்பட்டது என்ற குறியை, பார்த்துவிட்டுத்தான் பெட்டியைத் தொட வேண்டும்.

எஃகு ரவைக்கு மாறும்போது

2020-இல் பிரிட்டிஷ் வேட்டை, கிராமப்புற அமைப்புகள் ஐந்தாண்டுக்குள் ஈயத்தைத் தாமாகவே கைவிடுவோம் என்று கூட்டாகச் சொன்னார்கள். 2025 ஜூலையில் அரசு ஈய ரவையைத் தடை செய்யப்போவதாக அறிவித்து, மாறிக்கொள்ள மூன்றாண்டு அவகாசத்தையும் குறிப்பிட்டது. எனவே இப்போதே பழகிக்கொள்வது நல்லது.

எஃகின் அடர்த்தி 7.8, ஈயம் 11-ஐ ஒட்டி. அதே அளவு எஃகு ரவை எடை குறைந்தது, சீக்கிரம் தளரும். அதனால் இரண்டு நம்பர் பெரிதாகப் போவது விதி: ஈய ஆறுக்குப் பதில் எஃகு நான்கு, 3.1 மி.மீ. நல்ல செய்தி என்னவென்றால் எடை குறைவு என்பதால் எண்ணிக்கை அவ்வளவாக விழாது. 28 கிராம் எஃகு நான்கில் 230-ஐ ஒட்டி ரவை இருக்கும். தவிர எஃகு நசுங்காது, பரவல் ஈயத்தைவிட இறுக்கமாகவே வரும். இறுக்கம் பிடித்தவர்கள் இங்கே ஏமாறுவார்கள். ஈயத்துக்கு அரை சோக் வைத்தவர் எஃகுக்கும் அதையே வைத்தால் 25 கெஜத்தில் பறவை ஒன்று தவறும், அல்லது தின்ன முடியாதபடி சிதையும். கால் சோக், அல்லது அதற்கும் ஒரு படி திறந்த சோக் போதும். எந்தத் துப்பாக்கியிலும் எஃகுக்கு அரை சோக்குக்கு மேல் இறுக்க வேண்டாம்.

டிகாய் வைத்து மட்டுமே சுடுகிறவர்களுக்கு எஃகு ஐந்து, 2.8 மி.மீ., இன்னும் இதமான தேர்வு. 28 கிராமில் 310 ரவை வரை வரும், 30 கெஜம் வரை மிகச் சுத்தமாக வீழ்த்துகிறது. 35 கெஜத்தில் கோடு போட்டுவிடுங்கள். எஃகின் குறை அங்கேதான்: ஈயம் 40 கெஜத்தில் செய்கிற வேலையை எஃகு 35-இல்தான் செய்யும், அதற்கு மேல் அடிபட்டுத் தப்பும் பறவை கூடும். மறைப்பிலிருந்து 35 கெஜத்தில் ஒரு குச்சியோ தனி டிகாயோ நட்டு வைப்பது எல்லையைக் கண்ணுக்குக் காட்டும்.

பெட்டியில் 'ஸ்டாண்டர்ட் ஸ்டீல்' என்றிருந்தால், நைட்ரோ (புகையில்லா வெடிமருந்து) சோதனை பெற்ற, சரியான சேம்பர் உள்ள நல்ல நிலைத் துப்பாக்கிகளில் போடலாம். 12 போரில் அதன் ரவை 3.25 மி.மீ.-க்கு மேல் போகாது. 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' என்றால் குழலில் அதற்கெனச் சோதித்ததைக் காட்டும் லில்லிப்பூ முத்திரை இருந்தே ஆக வேண்டும். இரும்பு, எஃகுப் பட்டைகளை முறுக்கிச் செய்த பழைய டமாஸ்கஸ் குழலுக்கு எஃகு ரவை கிடையாது. எஃகு ரவை குழலைத் தொடாமலிருக்கக் கோப்பை கட்டாயம். சாதாரண ஃபைபர் தக்கை எஃகுக்கு ஆகாது. மக்கும் கோப்பைகள் இப்போது கிடைக்கின்றன. ஆனால் அவை ஈரத்தில் கரையவே செய்யப்பட்டவை, பெட்டியைத் திறந்து கொட்டகையில் போட்டு வைக்காதீர்கள். எஃகு ரவையும் துருப்பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இரண்டு ஆண்டுக்கான சரக்கை ஒரே தடவையில் வாங்கும் ஈயக்காலப் பழக்கம் இதற்குப் பொருந்தாது.

காகிதத்தில் பார்த்துவிடுங்கள்

மேலே சொன்ன சதவீதங்கள் அட்டவணைச் சராசரி. உங்கள் குழல் இந்தத் தோட்டாவை எப்படி விரிக்கிறது என்பதைக் காகிதம்தான் சொல்லும். நான்கடிச் சதுரக் காகிதம், நீங்கள் உண்மையில் சுடும் தூரம், டிகாய்க்கு 30 கெஜம். பின்னால் பாதுகாப்பான மண்மேடு. எஃகாக இருந்தால் பின்னால் கடினப் பலகையும் வேண்டாம், இரும்புத் தகடும் வேண்டாம், ரவை திரும்பித் தெறிக்கும். நடுப்புள்ளியைக் குறிவைத்துச் சுட்ட பிறகு, அந்தப் புள்ளியைச் சுற்றி அல்ல, ரவை அடர்ந்த இடத்தை நடுவாக வைத்து 30 அங்குல வட்டம் போடுங்கள். இரண்டுக்கும் இடையே ஐந்தாறு அங்குலத்துக்கு மேல் விலகல் இருந்தால் பிரச்சினை தோட்டாவில் இல்லை, துப்பாக்கியின் கட்டை உங்களுக்குப் பொருந்தவில்லை. ஒவ்வொரு தோட்டாவுக்கும் குறைந்தது ஐந்து காகிதம். ஒன்றை வைத்து முடிவு கட்ட முடியாது.

எண்ணிக்கையை விடக் கண் திறக்கும் சோதனை ஒன்று உண்டு. ஐந்து அங்குல விட்டத்தில் ஓர் அட்டை வெட்டி, புறாவின் உடல் அளவுக்கு, வட்டத்துக்குள் நகர்த்திக்கொண்டே போங்கள். அட்டைக்குள் மூன்று ரவைகூட இல்லாத இடம் எத்தனை? ஒன்றிரண்டு இருந்தால் கவலையில்லை. வட்டத்தின் ஒரு கால்பகுதியே அப்படி இருந்தால் அந்தத் தோட்டா, விலை என்னவானாலும், உங்கள் குழலுக்கு ஆகாது. ஆன்டிமனி (ஈயத்தைக் கடினமாக்கச் சேர்ப்பது) குறைந்த மென் ஈயம் போட்ட மலிவுத் தோட்டாக்கள் இங்கேதான் மாட்டிக்கொள்ளும்.

தானியங்கித் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். வெடிப்பின் வாயுவால் இயங்கும் வகைகள் 28 கிராமை நன்றாக ஓட்டும். உதைப்பால் இயங்கும் இனர்ஷியா வகைகளில் சில, லேசான 24 கிராமில், குளிர்காலக் காலையில் எண்ணெய் கெட்டியானதும் வெற்றுத் தோட்டாவை வெளியே தள்ளாமல் பாதியில் கவ்வும். பித்தளை முலாம் பூசிய எஃகுத் தலை கொண்ட தோட்டா சேம்பரில் ஒட்டுவது வேறு தொல்லை. சேம்பரில் உருகிப் படிந்த பிளாஸ்டிக்கை வெண்கலத் தூரிகையால் தேய்த்து எடுத்தால் பெரும்பாலும் சரியாகும். சரியாகவில்லையென்றால் வேறு தயாரிப்புக்கு மாறுங்கள். தோட்டாவின் உலோகத் தலையின் உயரம், 8 மி.மீ. ஆனாலும் 16 ஆனாலும், பலத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. அதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

தேர்ந்ததும் பத்துப் பெட்டியாக, முடிந்தால் ஆயிரம் தோட்டாவாக, ஒரே தயாரிப்பு எண்ணிலேயே வாங்குங்கள். வாங்கப் போகும்போது ஷாட்கன் சான்றிதழ் கையில் இருக்கட்டும். பருவத்தின் நடுவில் தோட்டாவை மாற்றுகிறவர் தவறிய புறாவுக்குக் காரணம் தோட்டாவா தானா என்று கடைசி வரை கண்டுபிடிக்க மாட்டார்.