வன்முறையின் உளவியல் பற்றிய இணைய வகுப்பு: சேரலாம், இரண்டு பாடங்களை மட்டும் தள்ளிவிட்டு

மேல்நிலை வகுப்புகளுக்கு வரலாறு எடுக்கிறேன். 1994 ருவாண்டா இனப்படுகொலை வரும்போதெல்லாம் பிள்ளைகள் கேட்பது ஒரே கேள்விதான்: "பக்கத்து வீட்டுக்காரங்களே எப்படி மிஸ் வெட்டினாங்க?" வெறி பிடித்துவிட்டது என்று சொல்லிவிட்டு நகர எனக்கு மனம் வருவதில்லை. அதற்காகத்தான் பயங்கரவாதம், கூட்டு வன்முறை பற்றிய இந்தக் காணொளி வகுப்பில் பணம் கட்டிச் சேர்ந்தேன்.

உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் 1961-ல் யேல் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய சோதனைகள் பற்றிய பாடம்தான் இதன் உயிர். அடுத்த அறையில் இருப்பவர் தப்பாகப் பதில் சொல்லும்போதெல்லாம் மின் அதிர்ச்சி கொடுக்கும்படி சாதாரண மனிதர்களிடம் சொன்ன சோதனை அது. 40 பேரில் 26 பேர் கடைசி சுவிட்ச்வரை போனார்கள் என்ற பிரபலமான கணக்கை ஒரே வரியில் முடித்துவிட்டு, அந்தக் கருவியின் முகப்பைத் திரை முழுக்கக் காட்டுகிறார் ஆசிரியர். வரிசையாக 30 சுவிட்சுகள். 15 வோல்ட்டில் ஆரம்பித்து, பதினைந்து பதினைந்தாகக் கூடி 450-ல் முடிகிறது. மின்சாரம் பாயவில்லை, அடுத்த அறையில் இருந்தவர் நடிக்கிறார் என்பதெல்லாம் சுவிட்ச் போட்டவருக்குத் தெரியாது. "195 சரி, 210 தப்பு என்று எதை வைத்துச் சொல்வீர்கள்?" என்று கேட்கிறார். நிறுத்தினால் இதுவரை போட்டதெல்லாம் தப்பு என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அதனாலேயே கை அடுத்த சுவிட்சுக்குப் போகிறது.

பலரும் விட்டுவிடும், இதே சோதனையின் இன்னொரு வடிவத்தையும் சொல்கிறார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர் பாதியில் "இனி முடியாது" என்று விலகிவிட்டால், 40 பேரில் 4 பேர்தான் கடைசி சுவிட்சைத் தொட்டார்கள். என் பிள்ளைகளுக்கு முதலில் சொல்ல வேண்டியது இந்தக் கணக்கைத்தான் என்று நினைக்கிறேன்.

அடுத்த பாடம் இதோடு அழகாகப் பொருந்துகிறது. 1942 ஜூலை, போலந்தின் யூசெஃபூவ். நாஜி ஜெர்மனியின் ஹாம்பர்க்கிலிருந்து வந்த 101-வது ரிசர்வ் போலீஸ் படைக்கு அங்கிருந்த யூதர்களைச் சுட உத்தரவு. முடியாதவர்கள் விலகிக்கொள்ளலாம் என்று தளபதியே சொல்கிறார். ஏறக்குறைய 500 பேரில் அப்போது முன்வந்து விலகியவர்கள் சுமார் பன்னிரண்டு பேர். அவர்களுக்குத் தண்டனை எதுவும் இல்லை. மற்றவர்களைப் பிடித்து நிறுத்தியதில், கூட இருப்பவன் தன்னைக் கோழை என்று நினைத்துவிடுவானே என்ற கூச்சத்துக்குப் பெரிய பங்கு உண்டு. இந்தப் பாடத்தைக் கேட்டுவிட்டு வெகுநேரம் எதிலும் மனம் ஓடவில்லை.

பயங்கரவாதப் பகுதி சுருக்கம், ஆனால் தெளிவு. பயங்கரவாதிகளுக்குள் பொதுவாக ஏதாவது உண்டென்றால் அது அவர்கள் இயல்பானவர்கள் என்பதுதான் என்று ஆய்வாளர் மார்த்தா கிரென்ஷா 1981-லேயே எழுதிவிட்டார். நம்மை யாரும் மதிக்கவில்லை என்ற காயம், அதற்கு மருந்து சொல்லும் ஒரு கதை, அந்தக் கதையை நம்பும் சிநேகிதர்கள் என்று உளவியலாளர் ஆரி க்ருக்லான்ஸ்கி மூன்றையும் சேர்த்துப் பார்க்கிறார். போதுமான அறிமுகம்.

குறை இரண்டு பாடங்களில். மாணவர்களைக் காவலர்கள், கைதிகள் என்று பிரித்து நடத்திய 1971 ஸ்டான்ஃபோர்டு சிறைச் சோதனையில் காவலர்கள் தாமாகவே கொடூரமானார்கள் என்று பழைய கதையையே ஒப்பிக்கிறார்கள். கடுமையாக இருக்கும்படி சோதனை நடத்தியவர்களே அவர்களைத் தூண்டியதைக் காட்டும் ஒலிப்பதிவு வெளிவந்து வருடங்களாகிவிட்டன. கூட்டத்தைப் பற்றிய பாடமோ 1895-ல் பிரெஞ்சு எழுத்தாளர் லெ போன் சொன்னதோடு நிற்கிறது: கூட்டத்தில் சேர்ந்தால் புத்தி போய்விடும். 1980-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் நடந்த செயின்ட் பால்ஸ் கலவரத்தை உளவியலாளர் ஸ்டீஃபன் ரெய்ச்சர் ஆராய்ந்தார். போலீஸைத் தாக்கிய கூட்டம் அக்கம்பக்கத்து வீடுகளைத் தொடவில்லை. யாரை அடிக்கலாம், யாரைக் கூடாது என்று அந்தக் கூட்டத்துக்கே ஒரு வரையறை இருந்தது. இது வகுப்பில் இல்லவே இல்லை. யூசெஃபூவில் ஒவ்வொருவருக்கும் விலக வழி இருந்தது என்று காட்டிவிட்டு, இங்கே மனிதர்கள் தாமாகக் கரைந்துபோவார்கள் என்றால் எதை நம்புவது? நிர்வாகத்துக்கு எழுதினேன். நன்றி தெரிவித்து ஒரு வரி வந்தது. பாடம் மாறவில்லை.

ஐந்துக்கு நான்கு தருகிறேன். ஆசிரியர்கள் கவனிக்க: ருவாண்டா பாடத்தில் கொலைகளைத் தூண்டிய ஆர்டிஎல்எம் வானொலியின் அசல் ஒலிபரப்பு வருகிறது, அங்கே குறிவைக்கப்பட்ட துட்சி இனத்தவரைக் கரப்பான்பூச்சி என்று சொல்வது உட்பட. வகுப்பில் போடும் முன் தனியாகக் கேட்டுவிடுங்கள். சின்ன வகுப்புகளுக்கு மில்கிராம் பாடம் மட்டும் போதும்.