குளக்கரைக்கு எந்தக் கணக்கு?

2015-இல் ஸ்மார்ட் சிட்டி திட்டம் தொடங்கியபின் கோவை உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் கரைகளில் நடைபாதையும் விளக்குகளும் வந்தன. மாலையில் நல்ல கூட்டம். கரையில் இவ்வளவு கான்கிரீட் தேவையா என்ற சண்டையும் கூடவே வந்தது. இப்படி ஒரு குளத்துக்கு மூன்று யோசனைகள் இருப்பதாக வையுங்கள்: சுற்றிலும் நடைபாதை, பாதிக் கரைக்கு மட்டும், தூர்வாரிவிட்டு அப்படியே விடுவது. எதை எடுப்பது?

பல அம்சங்களை எடைபோட்டு முடிவெடுக்கச் சில கணக்கு முறைகள் உண்டு. முதலில் ஏ.எச்.பி. (Analytic Hierarchy Process). கணிதவியலாளர் தாமஸ் சாட்டி 1970-களில் உருவாக்கியது. அம்சங்களை இரண்டிரண்டாக நிறுத்தி, எது எத்தனை மடங்கு முக்கியம் என்று 1 முதல் 9 வரை மதிப்பெண் கேட்கும். நடைபாதையைவிட நீர்க் கொள்ளளவு 3 மடங்கு, பறவைகளைவிட நடைபாதை 3 மடங்கு என்று ஒருவர் சொல்கிறார். அப்படியானால் பறவைகளைவிட நீர் 9 மடங்கு இருக்க வேண்டும். அவரோ "ரெண்டும் சமம்தாங்க" என்கிறார். பதில்கள் எவ்வளவு மோதுகின்றன என்று காட்டும் முரண்பாட்டு விகிதம் 0.48 வரும், 0.1 வரைதான் ஏற்பார்கள். ஆகவே வாய்க்கு வந்ததைச் சொல்லித் தப்ப முடியாது. தொல்லை எண்ணிக்கையில்தான்: 5 அம்சங்களுக்கு 10 கேள்வி, 10 அம்சங்களுக்கு 45. பாதியைத் தாண்டியதும் யாரும் யோசித்துப் பதில் சொல்வார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஹ்வாங், யூன் என்ற இரு ஆய்வாளர்கள் 1981-இல் தந்த டாப்சிஸ் முறை எளிது; எக்செல் போதும். ஒவ்வொரு அம்சத்திலும் கிடைத்த சிறந்த மதிப்பைச் சேர்த்து ஒரு கற்பனைத் திட்டம், மோசமானவற்றைச் சேர்த்து இன்னொன்று. முதலாவதுக்குக் கிட்டவும் இரண்டாவதுக்கு எட்டவும் இருப்பது வெல்லும். ஆனால் நடைபாதை, விளக்கு, வருமானம் மூன்றிலும் அள்ளிக்கொண்ட திட்டம், பறவைகளில் முட்டை வாங்கினாலும் முதலிடம் வரலாம்.

அந்த ஓட்டையை அடைப்பது எலெக்ட்ரே. பிரான்சின் பெர்னார் ருவா 1960-களில் தொடங்கிவைத்த முறைகளின் குடும்பம். மற்ற எல்லாவற்றிலும் முந்தினாலும், ஒரே ஒரு அம்சத்தில் போட்டித் திட்டத்தைவிடக் குறித்த அளவுக்குமேல் பின்தங்கினால் 'இதுவே மேல்' என்று சொல்ல விடாது. சில நேரம் எந்தத் திட்டமும் மற்றதை வெல்லாமல் நிற்கும். அதிகாரிகளுக்கு எரிச்சல் வரும். எனக்கோ அதுதான் நேர்மையான பதிலாகத் தெரிகிறது.

கணக்கே வேண்டாம், மக்களைக் கேளுங்கள் என்பவர்கள் பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரேயைக் காட்டுவார்கள். 1989 முதல் அங்கே நகராட்சி முதலீட்டைப் பகுதிவாரிக் கூட்டங்கள் விவாதித்தன. ஆனால் பங்கீட்டில் மக்கள்தொகை, வசதிக் குறைவு, அந்தப் பகுதி கேட்ட முன்னுரிமை மூன்றுக்கும் எடை போட்டுத்தான் பிரித்தார்கள். அங்கும் கணக்கு இருந்தது; எடையைப் பேசி முடிவுசெய்தது ஆலோசனை நிறுவனம் அல்ல, அவ்வளவுதான்.

என் தேர்வு எலெக்ட்ரே. நீரும் பறவையும் எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம் என்ற வரம்பை முதலில் ஊரறியக் குறிக்க வேண்டும். பிறகு மிச்சமிருக்கும் யோசனைகளுக்கு ஏ.எச்.பி.; அம்சங்கள் ஐந்தைத் தாண்டக் கூடாது. மீன் பிடிப்பவர், காலையில் நடப்பவர், பொறியாளர் ஆகியோரின் எடைகளை ஒரே சராசரியில் கரைத்துவிடாமல் தனித்தனியாக வெளியிட வேண்டும். டாப்சிஸை கடைசியில் சரிபார்க்க மட்டும் ஓட்டலாம்.