செலஸ்ட்டா, ஹாலோ நைட்டா? செத்ததுக்கு அப்புறம் கேம் என்ன பண்ணுதுன்னு பாத்து வாங்குங்க

சின்ன டீம் பண்ண கேம்ல, கஷ்டமான பிளாட்ஃபார்மர் (தாவித் தாவிப் போற கேம்) ஒண்ணு வாங்கணும், எத வாங்கலாம்னு கேட்டா எல்லாரும் சொல்ற ரெண்டு பேரு ஹாலோ நைட்டும் செலஸ்ட்டும். ரெண்டுலயும் கதைய முழுசா முடிச்சிட்டேன், ரெண்டுமே பிடிக்கும், ஆனா இப்ப என் லேப்டாப்ல இருக்கிறது செலஸ்ட் மட்டும்தான், ஹாலோ நைட்ட எடுத்துட்டேன். இந்த ரெண்டையும் ஒப்பிட்டு பேசறவங்க பெரும்பாலும் கிராஃபிக்ஸ், மியூசிக், எத்தன மணி நேரம் ஓடும்னு பேசிட்டு முடிச்சிடறாங்க, என்னைய முடிவெடுக்க வச்ச விஷயம் அந்தப் பேச்சுல வர்றதே இல்ல. அதனாலதான் இத எழுதறேன்.

தெரிஞ்சத சீக்கிரம் சொல்லி முடிச்சிடறேன். ஹாலோ நைட் ஆஸ்திரேலியாவுல அடிலெய்ட்ல இருக்கிற டீம் செர்ரியோடது. ஆரி கிப்சன், வில்லியம் பெலன்னு ரெண்டு பேருதான் அச்சாணி. 2014 கடைசில கிக்ஸ்டார்ட்டர்ங்கிற நிதி திரட்டற சைட்ல 35,000 ஆஸ்திரேலிய டாலர் கேட்டாங்க, 57,000க்கு மேல வந்துச்சு, 2017 பிப்ரவரில கேம் பிசிக்கு வந்துச்சு. செலஸ்ட் 2018 ஜனவரி. மேடி தோர்சன், நோயல் பெரி ரெண்டு பேரும் 2015ல குட்டி கேம் பண்றதுக்குன்னே இருக்கிற பிக்கோ-8 சாஃப்ட்வேர்ல நாலே நாள்ல பண்ண ஒரு குட்டி கேம்ல இருந்து வளந்தது அது, அந்தக் குட்டி கேம் இன்னிக்கும் பெரிய கேமுக்குள்ளயே ஒரு மூலையில ஒளிஞ்சிருக்கு, கண்டுபிடிச்சா முழுசா ஆடலாம். மியூசிக்ல ஹாலோ நைட்டோட கிறிஸ்டோபர் லார்கினா செலஸ்ட்டோட லீனா ரெய்னான்னு சண்டை போட எனக்கு இஷ்டமில்ல, ரெண்டு பேரும் பிரமாதம். விலை ஹாலோ நைட் 15 டாலர், செலஸ்ட் 20, ரெண்டுமே அடிக்கடி தள்ளுபடில வரும். கொடுத்த காசுக்கு எவ்வளவு கேம்னு பாத்தா ஹாலோ நைட் பக்கத்துல கூட செலஸ்ட் நிக்க முடியாது, அவ்வளவு பெரிய உலகம், அதுக்கு மேல நாலு கன்டென்ட் பேக்க ஃப்ரீயாவே குடுத்தாங்க.

சரி, விஷயத்துக்கு வர்றேன். ரெண்டுமே உங்கள சாகடிக்கிற கேம். நிறைய தடவ சாவீங்க. அப்ப கேக்க வேண்டிய கேள்வி எது கஷ்டம்ங்கிறது இல்ல, செத்த நிமிஷத்துல இருந்து மறுபடி அதே இடத்துல முயற்சி பண்ற வரைக்கும் நடுவுல என்ன நடக்குதுங்கிறதுதான்.

செலஸ்ட்ல நடுவுல ஒண்ணுமே நடக்காது. முள்ளுல விழுந்தா நாம ஆட்டி வைக்கிற மேட்லின் வெடிச்சுச் சிதறுவா, ஒரு நொடி ஆகறதுக்குள்ள அதே ரூமோட வாசல்ல நிப்பா. லோடிங் கிடையாது, தோத்துட்டீங்கன்னு ஒரு ஸ்கிரீன் கிடையாது, முக்கியமா மியூசிக் நிக்காது. பாட்டு பாட்டுக்கு போயிட்டே இருக்கும், நீங்க அதுக்குள்ளயே செத்து செத்து எழுந்துக்குவீங்க. இது எவ்வளவு பெரிய விஷயம்னு ஆடிப் பாத்தாதான் புரியும். போன தடவ டேஷ் (காத்துல சட்டுன்னு ஒரு பாய்ச்சல்) பட்டன ஒரு இம்மி சீக்கிரம் அமுக்கிட்டோம்ங்கிற நினைப்பு விரல்ல இன்னும் சூடா இருக்கும்போதே அடுத்த முயற்சி ஆரம்பிச்சிடும், தப்ப அப்பவே திருத்தலாம். ரூமும் சின்னது, பெரும்பாலும் ஒரே ஸ்கிரீன்தான், நடுவுல ஒரு பச்சை கிரிஸ்டல், அதத் தொட்டா டேஷ் திரும்ப கிடைக்கும், அங்கிருந்து எதிர் சுவரு. டேஷ் இருக்கா இல்லையான்னு பாக்க ஸ்கிரீன் மூலைக்கு கண்ணு போக வேண்டாம், முடி சிவப்பா இருந்தா இருக்கு, நீலமா மாறிட்டா தீந்துபோச்சு, அவ்வளவுதான்.

இன்னொண்ணு, செலஸ்ட் வெளியில தெரியாம நமக்கு நிறைய விட்டுக்குடுக்குது. விளிம்பத் தாண்டி கால் காத்துல இருக்கும்போது கூட கண்ணிமைக்கிற நேரத்துக்கு ஜம்ப் வேலை செய்யும். மேல இருக்கிற கட்டையோட மூலையில தலை லேசா இடிச்சா கேமே நம்மள கொஞ்சம் நகத்தி மேல அனுப்பிடும். முள்ளு நீட்டிட்டிருக்கிற திசையிலயே நாம நகந்துட்டிருந்தா பட்டாலும் சாவு கிடையாது. இதெல்லாம் எங்கயும் எழுதி வைக்கல, ஆனா கை உணரும். "நான் சரியாத்தான அமுக்கினேன்"னு கத்தற சந்தர்ப்பம் இந்த கேம்ல ரொம்ப அபூர்வம், அதனாலயே செத்தா கோவம் கேம் மேல வராது.

ஹாலோ நைட்ல கதை வேற. அங்கங்க பெஞ்ச் இருக்கும், அதுல உக்காந்தாதான் கேம் சேவ் ஆகும், செத்தா கடைசியா எந்த பெஞ்ச்ல உக்காந்தீங்களோ அங்க எழுந்திருப்பீங்க. கையில இருந்த ஜியோ (அந்த கேமுக்குள்ள காசு) மொத்தமும் செத்த இடத்துல உங்க நிழல்கிட்ட மாட்டிக்கும், போய் அத அடிச்சாதான் திரும்ப வரும், அதுக்குள்ள இன்னொரு தடவ செத்தா போச்சு போச்சுதான். அந்த நிழல அடிக்கிற வரைக்கும் சோல்ங்கிற சக்திய சேத்து வைக்கிற கொள்ளளவும் குறைஞ்சிருக்கும், அதாவது ரத்தத்த ஏத்திக்கிறதுக்கும் பஞ்சம். டர்ட்மவுத்ங்கிற ஊர்ல ஜிஜிங்கிற கேரக்டர்கிட்ட அழுகின முட்டை குடுத்தா நிழல அங்கயே வரவழைச்சுக்கலாம்தான், ஆனா அந்த வழி இருக்குன்னு தெரியறதுக்குள்ள பாதி ஜியோ காலியாகியிருக்கும்.

ஒரு இடத்த மட்டும் எடுத்துக்கறேன், சோல் மாஸ்டர்ங்கிற பாஸ், அதாவது பெரிய எதிரி. சிட்டி ஆஃப் டியர்ஸ்ங்கிற மழை நகரத்துல சோல் சாங்டம்னு ஒரு கட்டடம், அதுக்குள்ள ஏறிப் போனா இவரு. சண்டை அருமையான சண்டை, மறைஞ்சு மறைஞ்சு வேற வேற இடத்துல வருவாரு, தன்ன சுத்தி உருண்டைகள சுழல விட்டுட்டு பாய்வாரு, மேல இருந்து தரையில இறங்கி குத்துவாரு, சில சமயம் குத்துற மாதிரி காட்டிட்டு வேற பக்கம் போயிடுவாரு, எல்லாத்துக்கும் முன்கூட்டி ஒரு சைகை இருக்கு, கவனிச்சா படிச்சிடலாம். தோத்துட்டாருன்னு நினைச்சு நிம்மதியா நடந்து போகும்போது தரைய உடைச்சுட்டு மறுபடி வர்ற இடம் இருக்கே, முதல் தடவ எனக்கு நெஞ்சு அடைச்சிடுச்சு. இவ்வளவு நல்லா யோசிச்சு பண்ண சண்டை, ஆனா ஒவ்வொரு தோல்விக்கு அப்புறமும் பெஞ்ச்ல இருந்து கிளம்பி, மறைஞ்சு மறைஞ்சு உருண்டை விடற சாங்டம் ஆளுங்க நடுவுல ஏறி, வழியில ரெண்டு அடி வாங்கி, நின்னு ரத்தத்த ஏத்திக்கிட்டு, அப்புறம்தான் அவரு முன்னாடி போய் நிக்க முடியும். ஆரம்ப தோல்விகள்ல சண்டை போடற நேரத்த விட நடக்கற நேரம்தான் அதிகம். போன தடவ எந்த சைகைய தவறவிட்டோம்ங்கிறது அங்க போய் சேர்றதுக்குள்ள மறந்து போயிடுது.

இதுக்கு ஹாலோ நைட் ரசிகர்கள் சொல்ற பதில் எனக்குத் தெரியும், அந்த வழியும் கேம்தான், அதுவும் பயிற்சிதான்னு சொல்வாங்க. முதல் ரெண்டு மூணு தடவைக்கு ஒத்துக்கறேன். அதுக்கு மேல அந்த வழியில கத்துக்க எதுவும் மிச்சமில்ல, எந்த எதிரி எங்க நிப்பான்னு மனப்பாடம், கண்ண மூடிட்டு போற அளவுக்கு வந்துடும், அப்புறமும் அத செய்ய வைக்கிறது கஷ்டத்த கூட்டறது இல்ல, நேரத்த திங்கிறது. கேம் கஷ்டமா இருக்கணும்னா வழி நீளமா இருந்தே ஆகணும்னு ஒரு சட்டமும் இல்லங்கிறதுக்கு சாட்சி அதே ஹாலோ நைட்லயே இருக்கு. மான்டிஸ் லார்ட்ஸ் சண்டைய எடுத்துக்கங்க. சோல் மாஸ்டருக்கு கொஞ்சமும் குறைஞ்ச சண்டை இல்ல, ஆனா பெஞ்ச் கிட்டக்கவே இருக்கு, செத்தா எழுந்து இறங்கி போய் மறுபடி சவால் விடலாம். முதல்ல ஒருத்தி, அப்புறம் ரெண்டு பேரு சேந்து, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கிற நேரம் கூடிக்கிட்டே போகும், ஜெயிச்சதும் அந்த கிராமத்து மான்டிஸ் எல்லாம் நம்மள அடிக்கறத விட்டுட்டு தலை குனிஞ்சு வணங்கும். ஆடினவங்ககிட்ட பிடிச்ச பாஸ் யாருன்னு கேட்டுப் பாருங்க, இந்த மூணு பேர சொல்றவங்க நிறைய இருப்பாங்க. அதே டீம், அதே கேம், பெஞ்ச் மட்டும் பக்கத்துல.

வேலைக்கு போயிட்டு வந்து ராத்திரி சாப்டுட்டு ஒரு மணி நேரம் ஆடறவனுக்கு இது சின்ன விஷயம் இல்ல. ஒரு மணி நேரம் செலஸ்ட் ஆடினா ஒரு மணி நேரமும் ஆடியிருப்பேன். ரெண்டு மாசம் தொடாம விட்டுட்டு திரும்ப வந்தாலும் விட்ட ரூம்லயே நிக்கிறேன், அந்த ரூம்ல பண்ண வேண்டியது கண்ணு முன்னாடி இருக்கு. ஹாலோ நைட்ட ரெண்டு மாசம் விட்டுட்டு வந்தா நான் எங்க போயிட்டிருந்தேன், எந்தக் கதவு திறக்கல, எந்த ஆளுகிட்ட எத குடுக்கணும்னு ஒண்ணும் நினைவில்ல. மேப்லயும் அத விக்கிற கார்னிஃபர கண்டுபிடிச்சு காசு குடுத்து வாங்கின பகுதி மட்டும்தான் தெரியும், புதுசா நடந்த இடம் பெஞ்ச்ல உக்காந்தாதான் வரையப்படும், நாம எங்க நிக்கிறோம்னு காட்டறதுக்கே ஒரு சார்ம் (தாயத்து மாதிரி) மாட்டணும். காலேஜ் லீவுல தினமும் ஆடறவங்களுக்கு அதுதான் சுகம், தொலைஞ்சு போறதுதான் அந்த கேமோட அழகே. எனக்கு அந்த வாழ்க்கை இப்ப இல்ல.

நியாயமா ஒண்ணு சொல்லணும். பெஞ்ச் தூரமா இருக்கிறதாலதான் ஹாலோ நைட்ல பயம் வேலை செய்யுது. டீப்நெஸ்ட்னு ஒரு இடம், இருட்டு, சுவருக்குள்ள ஏதோ ஊர்ற சத்தம், செத்துக் கிடந்த ஒண்ணு திடீர்னு எழுந்து துரத்தும். கையில நிறைய ஜியோ, பெஞ்ச் எங்கன்னு தெரியல, ரத்தம் ஒரே ஒரு துளி, அந்த நிலையில ஒவ்வொரு அடியும் மூச்ச பிடிச்சிக்கிட்டுதான் எடுத்து வைப்பீங்க. அந்த நடுக்கத்த செலஸ்ட் ஒரு ரூம்ல கூட குடுக்கல, குடுக்கவும் முடியாது, ஏன்னா இழக்க ஒண்ணும் இல்லாத இடத்துல பயம் எங்கிருந்து வரும். அதே மாதிரி திக்குத் தெரியாம திரிஞ்சுட்டிருக்கும்போது சிட்டி ஆஃப் டியர்ஸ்ல முதல் தடவ மழை பெய்யறத பாக்கற நிமிஷத்துக்கு ஈடா செலஸ்ட்ல எதுவும் இல்ல. என் குறை செத்ததும் பாஸ்கிட்ட திரும்ப நடக்கற அந்த வழிய பத்தி மட்டும்தான், ஊர் சுத்தற வழிய பத்தி இல்ல.

செலஸ்ட்லயும் குறை இருக்கு. மூணாவது சேப்டர், ஓஷிரோவோட ஹோட்டல், தேவைக்கு மேல இழுக்குது, சுத்தம் பண்ணு, மறுபடி சுத்தம் பண்ணுன்னு. அஞ்சாவதுல, கண்ணாடிக் கோயில்ல, மத்த சேப்டர்ல இருக்கிற வேகம் காணாமப் போயிடுது. மனப்பதட்டத்த பத்தின கதை நல்ல கதைதான், ரோப்கார்ல மேட்லினுக்கு மூச்சு முட்டும்போது கூட இருக்கிற நண்பன் தியோ ஒரு இறக மனசுல நினைச்சுக்கோன்னு சொல்லி நம்ம கையாலயே அத மெதுவா மிதக்க வைக்க சொல்ற இடம் எனக்கு உண்மையிலயே உதவியிருக்கு, ஆனா சில உரையாடல்ல சொல்ல வேண்டியத நேரா போட்டு உடைச்சிடறாங்க, விளையாட்டே சொல்லிட்டிருக்கிறத வசனமும் திரும்ப சொல்லுது. 2019ல ஃப்ரீயா வந்த ஃபேர்வெல்ங்கிற கூடுதல் சேப்டர்ல நான் பாதியிலதான் நிக்கிறேன், அதனால அத பத்தி உறுதியா பேச மாட்டேன், இதுவரைக்கும் பாத்ததுல கஷ்டம் படிப்படியா ஏறாம குபீர்னு ஏறுது, அது எல்லாருக்கும் இல்ல. ஹாலோ நைட் பக்கம் அந்த ஃப்ரீ பேக்குகள்ல ஒண்ணான காட்மாஸ்டர்லயும் நான் ஆழமா போனதில்ல, அங்க பாஸ் பாஸா வரிசையா சண்டை போடலாம், என் புகார்ல ஒரு பகுதிக்கு அது மருந்தா இருக்கலாம்னு தோணுது.

அசிஸ்ட் மோட் பத்தி சொல்லாம விட முடியாது. செலஸ்ட்ல கேமோட வேகத்த பத்து பத்து சதவீதமா பாதி வரைக்கும் குறைச்சுக்கலாம், சுவர்ல தொங்கற தெம்ப தீராம வச்சுக்கலாம், டேஷ் கூட்டிக்கலாம், சாவே இல்லாம கூட ஆடலாம். என் அக்கா பையன் நாலாவது சேப்டர் காத்துல மாட்டிட்டு விட்டுட்டுப் போகப் பாத்தான், எண்பது சதவீதம் வச்சுக் குடுத்தேன், அந்த வேகத்துல கையத் தேத்திக்கிட்டு அடுத்த வாரம் அவனே நூறுக்கு மாத்திட்டான். ஹாலோ நைட்ல இப்படி ஒரு கதவே கிடையாது, தனியா இருக்கிற ஸ்டீல் சோல் மோடும் செத்தா மொத்தமும் போச்சுங்கிற கணக்குதான். 2025 செப்டம்பர்ல ஹாலோ நைட்டோட அடுத்த பாகம் சில்க்ஸாங் வந்தப்பவும் பெஞ்ச் தூரம், லாஸ்ட் ஜட்ஜ்ங்கிற பாஸ்கிட்ட போற வழின்னு அதே சண்டை மறுபடி எல்லா இடத்துலயும் ஓடுச்சு, டீம் செர்ரிக்கு இது தெரியாத விஷயம் இல்ல, அவங்க ருசியே அதுதான்.

இதே மாதிரி இன்னொரு கஷ்டமான கேம் டெட் செல்ஸ் எங்கன்னு சிலர் கேப்பீங்க. போர்டோவுல இருக்கிற மோஷன் ட்வின் பண்ணது, அதுலயும் செத்தா மொத்தமா முதல்ல இருந்துதான், ஆனா ஒவ்வொரு தடவையும் வழியும் ஆயுதமும் மாறிடறதால திரும்ப நடக்கறது வீண் வேலையா தெரியல. பாஸ் செல்ல, அதாவது அதோட கஷ்ட அளவ, மேல மேல ஏத்திட்டு போனவன் இல்ல நான், அதனால இதுக்கு மேல அத பத்தி சொல்ல எனக்கு தகுதி பத்தாது.

லீவு நிறைய இருக்கு, ஒரு உலகத்துக்குள்ள போய் தொலையணும், செத்து செத்து நடக்கறது பரவாயில்லைன்னா யோசிக்காம ஹாலோ நைட் வாங்குங்க, 15 டாலருக்கு அவ்வளவு பெரிய கேம் கிடைக்கிறது கஷ்டம். ராத்திரி ஒரு மணி நேரம்தான்னா செலஸ்ட். ஒரே ஒரு விஷயம், செலஸ்ட்ட கண்ட்ரோலர்ல ஆடறதா இருந்தா ஸ்டிக்க விட டி-பேட் (கூட்டல் குறி மாதிரி இருக்கிற பட்டன்) நல்லது, குறுக்கு டேஷ் சரியா விழும். கீபோர்டுலயும் தாராளமா ஆடலாம், ஆனா டேஷையும் சுவரப் பிடிக்கிறதையும் உங்க விரலுக்கு தோதான கீல முதல் சேப்டர்லயே மாத்தி வச்சிடுங்க, கை பழகினதுக்கு அப்புறம் மாத்தறது பெரிய அவஸ்தை.