பழைய ப்ளூரே பட டிஸ்க் வாங்குறவங்க ஒரு நிமிஷம் நில்லுங்க, எனக்கு 4,850 ரூபாய் போச்சு

கோபம் இன்னும் அடங்கல. ஆறுறதுக்குள்ள எழுதிடறேன். டிஸ்க் வாங்கும்போது என்னென்ன பார்க்கணும்னு கடைசியில விவரமா சொல்றேன்.

ஸ்பெயின்ல 2007-ல வந்த 'ரெக்'ங்கற திகில் படம் எனக்கு உயிர். பார்சிலோனா அடுக்குமாடி, தீயணைப்புக்காரங்களோட உள்ள போற டிவி நிருபர், அவங்க கேமராமேன் எடுக்கறதுதான் மொத்தப் படமும். 2009-ல வந்த ரெண்டாம் பாகம் அதே ராத்திரி, அதே கட்டடம். இந்தத் தடவை போலீஸ்காரங்க ஹெல்மெட்ல கேமரா. யார் எடுக்கறாங்க, எதுக்கு எடுக்கறாங்கன்னு ஒரு காரணம் இருந்துச்சு. இப்போ வர்ற படங்கள்ல அது இல்ல. பேய் துரத்தும்போதும் ஒருத்தன் கேமராவைக் கீழ வைக்கமாட்டேங்கறான், பார்க்கறவனுக்கு எரிச்சல்தான் வருது. இதே மாதிரி எடுத்த அமெரிக்கப் பேய்ப்பட வரிசை 'பாராநார்மல் ஆக்டிவிட்டி', 2021-க்குள்ள 7 படம். அதுல மூணாவதுல ஃபேனோட அடிப்பாகத்துல கேமராவைப் பொருத்தி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்ப வெச்சாங்க பாருங்க, அதுக்கப்புறம் புதுசா எதுவும் எனக்குக் கண்ணுல படல. 'ரெக்' எடுத்தவங்களுக்கே சலிச்சுப்போச்சு. 2012-ல மூணாம் பாகத்தைக் கல்யாண வீடியோவா ஆரம்பிச்சு, கொஞ்ச நேரத்துல கேமராவை உடைச்சிட்டு சாதாரணப் படமா மாத்திட்டாங்க. அதனாலதான் முதல் ரெண்டு பாகமாவது ஒரிஜினலா கையில இருக்கணும்னு தேடினேன்.

பழைய பொருள் விற்கிற ஒரு செயலியில சிக்குச்சு. நாலு படமும் சேர்ந்த ப்ளூரே பெட்டி, ஸ்பானிஷ் ஆடியோ, 4,850 ரூபாய். யோசிச்சேன். "வீடியோ அனுப்பறேன், பாருங்கண்ணா"ன்னார் விற்கறவர். நாற்பது விநாடி. கை நடுங்குது, ஃபோகஸ் போய்ப் போய் வருது, பின்னாடி குக்கர் விசில், ஒரு குழந்தை "அப்பா"ங்குது. டிஸ்க்கை டியூப்லைட்டுக்கு நேரா திருப்பிக் காட்டினார். பளிச்னு போட்டோ எடுத்து அனுப்பியிருந்தா சந்தேகப்பட்டிருப்பேன். அந்தக் குக்கர் விசிலை நம்பினேன். "செயலியில கட்டினா கமிஷன் பிடிப்பாங்க, நேரா எனக்கே அனுப்பிடுங்கண்ணா." அனுப்பிட்டேன்.

வந்தது நாலு டிவிடி-ஆர், அதாவது வீட்டுலயே காப்பி போடற டிஸ்க். அடிப்பக்கம் ஊதா நிறம், மேல மார்க்கர்ல 1, 2, 3, 4. ரெண்டாவதைப் போட்டா ஆங்கில டப்பிங், பாதியில நின்னுடுச்சு.

விற்றவர்கிட்ட கேட்டா, "கூரியர்ல மாறியிருக்கும்." "ஊர்ல இல்லண்ணா." "திங்கக்கிழமை பார்க்கறேன்." அப்புறம் பிளாக். செயலிக்காரங்களுக்கு மூணு தடவை எழுதினேன். வெளியில கட்டின பணத்துக்கு நாங்க பொறுப்பில்லைன்னு மூணு தடவையும் அதே பதில், எழுத்து மாறாம. 4,850 ரூபாய்ங்க! ஒரு மாசமா சேர்த்து வெச்சது.

கோயம்புத்தூர்ல இருக்கற நண்பன்கிட்ட சொன்னேன். அவனுக்கும் வேற படப் பெட்டிக்காக ஒரு வீடியோ வந்திருக்கு. போட்டுப் பார்த்தோம். அதே டியூப்லைட், அதே இடத்துல விசில், அதே "அப்பா".

செயலிக்கு வெளியில பணம் கட்டாதீங்க. வீடியோ கேட்டா, உங்க பேரையும் இன்னைக்குத் தேதியையும் பேப்பர்ல எழுதிப் பெட்டி மேல வெச்சு எடுக்கச் சொல்லுங்க. அடிப்பக்கம் ஊதாவா இருந்தா வாங்காதீங்க. பணம் போயிடுச்சுன்னா உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அடிங்க, நான் நாலு நாள் கழிச்சுத்தான் அடிச்சேன்.

அந்த விளம்பரம் இன்னைக்குக் காலையிலயும் அங்கேயே இருக்கு, அதே 4,850-க்கு.